ஐந்து நாள் தூண்டில் விழா: மொத்த எடையா, பிரிவுப் புள்ளியா?

தக்கைக்காரன்

அறுபது பேர், ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம். இடம் வட அயர்லாந்தின் எனிஸ்கில்லனைச் சுற்றியுள்ள ஏர்ன் ஏரி. மீன் என்றால் ரோச், பிரீம், இவ்விரண்டும் கலந்த ஹைப்ரிட், கொஞ்சம் பெர்ச். பைக் என்ற வேட்டைமீனும் விலாங்கும் கணக்கில் சேராது. இப்படி ஒரு விழாவில் கடைசி நாள் கோப்பையை எதைப் பார்த்துக் கொடுப்பது? ஐந்து நாள் மொத்த எடையையா, ஒவ்வொரு நாளும் பிரிவுக்குள் பிடித்த இடத்தையா?

நான் பிரிவுப் புள்ளியின் பக்கம். பத்துப் பேர் ஒரு பிரிவு. முதல் ஆளுக்கு 1 புள்ளி, கடைசி ஆளுக்கு 10. ஐந்து நாளும் கூட்டி, யாரிடம் குறைவோ அவருக்கு வெற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐந்து நாளும் 14 கிலோ பிடிக்கிறார்: மொத்தம் 70. இன்னொருவருக்கு ஒரு நாள் பிரீம் கூட்டம் நிற்கிற பெக் (கரையில் ஒருவர் உட்காரும் எண்ணிட்ட இடம்) சீட்டில் விழுந்து 48 கிலோ, மற்ற நான்கு நாளும் ஆறாறு கிலோ: மொத்தம் 72. எடைக்கணக்கில் இரண்டாமவர் கோப்பையோடு போவார். முதலாமவர் ஐந்து நாளும் பிரிவில் இரண்டாவது என்றால் அவருக்கு 10 புள்ளி. மற்றவர் ஒரு நாள் முதலிடம், நான்கு நாள் ஆறாமிடம் என்றால் 25. ஐந்து நாளும் நன்றாக மீன் பிடித்தவர் யார் என்பதை எந்தக் கணக்கு சொல்கிறது?

உலக நன்னீர்த் தூண்டில் போட்டியிலும் இதே முறைதான். அணிக்கு ஐந்து பேர், பிரிவுக்கு ஒருவர், இரண்டு நாள், இடங்களின் கூட்டு. புள்ளி சமமானால் மட்டும் எடையைப் பார்ப்பார்கள்.

ஏர்ன்கரை

உலகப் போட்டியை இங்கே இழுக்காதீர்கள். அதற்குப் பெரும்பாலும் படகோட்டக் கால்வாய் மாதிரி நேரான, ஒரே ஆழமான தண்ணீரைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஏர்ன் அப்படியில்லை. தீவுகளும் குடாக்களும் நிறைந்த ஏரி, முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே அடி வேறாக இருக்கும்.

நீங்கள் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிற அந்த 48 கிலோதான் இந்த ஏரியின் வித்தை. பிரீம் கூட்டம் பத்துப் பெக்கையும் கடந்து போகும். எவருடைய அடியில் தீனி கிடக்கிறதோ அவரிடம்தான் நிற்கும். விசில் அடித்ததும் 45 மீட்டருக்கு மேல் நரம்பு ஓடாதபடி ரீலில் கிளிப் போட்டு, முள் இல்லாமல் 8 முதல் 10 பெரிய ஃபீடர் (தீனி நிரப்பி எறியும் சிறு கூண்டு) இறக்க வேணும். உள்ளே கிரவுண்ட்பெய்ட் (பிசைந்த தூள் தீனி), நறுக்கின டெண்ட்ரோபீனா மண்புழு, காஸ்டர் (கூட்டுப்புழுவான ஈப்புழு), செத்த ஈப்புழு. அதன்பிறகு ஒரு மீட்டர் முள்நரம்பு, 0.14 மி.மீ., 14ஆம் எண் முள்ளில் புழுத்துண்டும் இரண்டு சிவப்பு ஈப்புழுவும். ஒரு மணி நேரம் வெறும் கையோடு இருக்க நேரலாம். அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்குகிறவனுக்குத்தான் 48 கிலோ.

புள்ளி முறையில் எவன் அதைச் செய்வான்? 11 மீட்டர் போலில் (ரீல் இல்லாத நீளத் தூண்டில்கழி) ஐம்பது கிராம் ரோச்சாக எடுத்து மூன்றாம் இடம் வாங்கிக்கொண்டு போவான். 4 கிலோவோடு முதலிடம் எடுத்தவனுக்கும் 1, 40 கிலோ எடுத்தவனுக்கும் 1. பிடித்த மீனுக்கு மதிப்பில்லை என்றால் தராசு எதற்கு?

மேகலா

ஏர்ன்கரை அண்ணா, பிரீமைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் புள்ளி முறையில் யாரும் பிரீமைத் தேட மாட்டார்கள் என்பது பொருந்தவில்லை. பிரீம் வந்தால் பிரிவில் முதலிடம் உறுதியாயிற்றே. தேடுகிற விதம் மட்டும் மாறும். ஆரம்பத்தில் பத்து ஃபீடர் கொட்டுவதற்குப் பதில் நான்கு கொட்டுவோம். நான்கு ஃபீடர் தீனியில் ரோச்சும் நின்று கடிக்கும், பிரீம் வந்தால் அதுவும் நிற்கும். பத்தைக் கொட்டிவிட்டு பிரீம் வராவிட்டால் அந்தத் தீனியைத் திரும்ப அள்ள முடியாது. சின்ன ரோச் அதில் வயிற்றை நிரப்பிக்கொண்டு முள்ளைத் தொடாது.

ரோச்சுக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஃபீடரை எடுத்து நிரப்பி எறிவது. தூண்டில்கோலின் முனை லேசாகத் துடித்துத் துடித்து அடங்கினால், கடி என்று இழுக்கக் கூடாது. நரம்பில் பிரீம் உரசுகிறது. இழுத்தால் வயிற்றிலோ துடுப்பிலோ முள் மாட்டி, அது உதறிக்கொண்டு ஓட, கூட்டமே கலைந்துபோகும். அந்த உரசல் தொடர்ந்தால் மீன் நமக்கும் ஃபீடருக்கும் நடுவே நிற்கிறது என்று பொருள். கிளிப்பை இரண்டு மூன்று மீட்டர் உள்ளே கொண்டுவந்து, எறிகிற இடைவெளியை எட்டுப் பத்து நிமிடமாக்க வேண்டும். முனை வளைந்து அப்படியே நின்றால்தான் கடி.

தீனியைப் பற்றி இன்னொன்று. முதல் நாள் பாதிப் பேர் தோற்பது பெக்கினால் இல்லை, கலவையினால். கிரவுண்ட்பெய்ட்டில் ஒரே தடவை தண்ணீர் ஊற்றிப் பிசைந்து உடனே எறிந்தால், உள்ளே காய்ந்திருக்கும் துகள்கள் தண்ணீருக்கடியில் போய்த்தான் ஊறும். அப்போது காற்றைக் கக்கிக்கொண்டு மேலே எழும், ரோச்சும் அதன் பின்னாலேயே அடியைவிட்டு எழும்பிவிடும். அடியில் கிடக்கும் முள்ளுக்கு ஆளில்லை. முதல் ஈரம், 20 முதல் 30 நிமிடம் ஊறல், இரண்டாம் ஈரம், பிறகு சல்லடை. நாளுக்கு உலர்ந்த எடையில் 2 அல்லது 3 கிலோ போதும். மொலாசஸ் கலந்த கரும்பழுப்புக் கலவை ரோச்சுக்கு நல்லது, தெளிந்த தண்ணீரில் அது அடியோடு அடியாகத் தெரியாமல் கிடக்கும்.

ஏர்ன்கரை

தெளிந்த தண்ணீர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1990களின் கடைசியில் ஸீப்ரா சிப்பி ஏரி முழுக்கப் பரவிய பின் தண்ணீர் வடிகட்டினது போல் ஆகிவிட்டது. ரோச் முன்பு இருந்த அளவில் இல்லை, பெர்ச் கூடிவிட்டது. வெளிச்சம் அடிவரை இறங்குவதால் மீன் கரையைவிட்டுத் தள்ளி, கூட்டம் கூட்டமாக நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இங்கே 11 மீட்டர் போல் பிடித்து 'சீராக' 14 கிலோ என்பது எல்லா நாளும் நடக்கிற காரியமில்லை. தூரத்தில் தீனி போட்டுக் கூட்டத்தைக் கூட்டுகிறவனுக்கு அதற்குரிய பலன் கிடைக்க வேணும். நான்கு ஃபீடர் தீனியை முப்பது பிரீம் கால் மணி நேரத்தில் தின்றுவிட்டுப் போய்விடும். நீங்கள் திரும்ப நிரப்பி எறிவதற்குள் கூட்டம் அடுத்த பெக்கில்.

புள்ளியில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பலமான பத்துப் பேர் ஒரு பிரிவில் விழுந்தால் நாலாம் இடத்துக்கே நாக்குத் தள்ளும். பக்கத்துப் பிரிவில் அதே எடைக்கு முதலிடம்.

நாணல்

இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் எடையை 100 என்று வைத்து மற்றவர்களுக்கு அதன் விகிதம் கொடுங்கள். 20 கிலோ முதலிடம் என்றால் 15 கிலோவுக்கு 75. எடைக்கும் மதிப்பு, பிரிவுக்கும் மதிப்பு.

அப்புறம், ஐந்து நாளைப் பற்றிப் பேசுகிறோம், இரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எந்தக் கணக்கானாலும் நான்காம் நாள் கெட்டுப்போன இரையோடு உட்கார்ந்தால் முடிந்தது கதை. ஈப்புழு நாளுக்கு 3 பைன்ட் என்றால் மொத்தம் 15. அத்தனையையும் முதல் நாளே வாங்காமல் பாதியை மூன்றாம் நாளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 2 முதல் 4 டிகிரி குளிரில், அகலமான தட்டில், இரண்டு விரல் உயரத்துக்கு மேல் குவிக்காமல் வைப்பது. குவித்தால் தன் சூட்டிலேயே வியர்க்கும். ஈரமான ஈப்புழு எந்தச் சுவரிலும் ஏறிவிடும், மூடியில்லாத பெட்டி காலையில் காலியாக இருக்கும். தினமும் சலித்துச் செத்ததையும் கூட்டையும் நீக்கி, சோளமாவு தூவுங்கள்.

காஸ்டர் அதைவிடக் கடினம். காற்றுப் பட்டால் கறுத்து மிதக்கும், மிதக்கிற காஸ்டர் கிரவுண்ட்பெய்ட்டையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டு நாளுக்கு மேல் பையில் கட்டி வைத்தால் மூச்சு முட்டிப் புளித்துப்போகும். குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது நல்லது. மிதப்பவற்றை அப்போதே எடுத்துவிடலாம்.

தக்கைக்காரன்

நாணல், இரை விஷயத்தில் மறுப்பில்லை. விகித முறை மட்டும் வேண்டாம். பிரிவில் ஒருவருக்கு 48 கிலோ, அடுத்தவருக்கு 12 என்றால் அந்த இரண்டாம் ஆளுக்கு 25தான். பக்கத்துப் பிரிவில் 14 முதலிடமாக இருந்தால் அதே 12 கிலோவுக்கு 85க்கு மேல். பிரீம் கூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒன்பது பேரும் ஒரே நாளில் விழாவைவிட்டு வெளியே. எடைக்கணக்கின் குறை அப்படியே இருக்கிறது, தண்டனை மட்டும் பக்கத்துப் பெக்குக்காரருக்கு இடம் மாறியிருக்கிறது.

பலமான பிரிவு என்ற குறையைச் சீட்டெடுப்பில் தீர்க்கலாம். கரையை ஆறு பகுதியாகப் பிரித்து, யார் எந்த நாள் எந்தப் பகுதி என்று முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். ஒருவர் ஒரு பகுதிக்கு ஒரு முறைக்கு மேல் போகக் கூடாது. பலர் இதில் ஒரு தவறு செய்கிறார்கள்: அதே பத்துப் பேரை மொத்தமாகப் பகுதிக்குப் பகுதி நகர்த்துகிறார்கள். அப்படியானால் ஐந்து நாளும் அதே ஒன்பது பேரோடுதான் போட்டி, அறுபது பேர் விழா என்பது பெயருக்கு மட்டும். ஒவ்வொரு நாளும் பத்துப் பேரைக் கலைத்துப் போட வேண்டும். பெக் எண்ணைக் காலையில் அந்தந்தப் பகுதிக்கான பையிலிருந்து எடுக்கட்டும். ஆக ஆறு பைகள்.

ஓரப் பெக்குகளையும் பார்க்க வேண்டும். பிரிவின் 1ஆம் 10ஆம் பெக்குக்கு ஒரு பக்கம் திறந்த தண்ணீர். நடுவில் எட்டுப் பேர் ஃபீடர் எறிகிற சத்தத்துக்கு ரோச் விலகி அங்கேதான் ஒதுங்கும். பிரிவுகளை இடைவெளி விடாமல் ஒட்டிப் போட்டால் ஆறு பிரிவுக்கும் சேர்த்து உண்மையான ஓரம் இரண்டுதான்.

ஏர்ன்கரை

ஆறு பை ஏற்பாடு நல்லது, எடைக்கணக்குக்கும் அது பொருந்தும். எல்லாரும் ஆறில் ஐந்து பகுதியைப் பார்த்துவிடுவார்கள் என்றால், பிரீம் பகுதியும் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரு தடவை வரும். பிறகு எடையைக் கூட்டுவதில் என்ன அநியாயம்? அங்கே போன அன்று யார் அதிகம் எடுத்தார் என்பதுதானே.

ஓரங்களை ஒட்டிப் போடுவது ஏர்ன் கரையில் எல்லா இடத்திலும் நடவாது. நாணலும் சேறும் இடையில் வரும், வண்டி நிறுத்த இடமும் வேணும்.

மேகலா

பகுதி எல்லாருக்கும் வரும், காற்று வராதே அண்ணா. திங்களன்று முகத்துக்கு நேரே காற்றடித்து, அலை எழும்பித் தண்ணீர் கலங்கினால் அந்தக் கரையில் மீன் கிட்ட வந்து கடிக்கும். அங்கே போல் பிடிக்க முடியாது, ஆனால் 45 கிராம் ஃபீடரில் 25 கிலோ வரலாம். புதனன்று அதே கரை கண்ணாடி மாதிரி இருந்தால் 5 கிலோவே பெரிசு. திங்களன்று அங்கே போனவர்களோடு புதனன்று போனவர்களை எடையால் ஒப்பிட முடியாது. அன்றைக்கு, அதே காற்றில், அதே கரையில் உட்கார்ந்த ஒன்பது பேரோடு ஒப்பிடலாம். பிரிவுப் புள்ளி செய்வது அதைத்தான். என் முடிவுக்கு இது ஒன்றே போதும்.

ஒரு நாள் மோசமான புள்ளியைக் கழித்துவிடலாம் என்று சில விழாக்களில் வைக்கிறார்கள். தக்கைக்காரன் அதை ஆதரிப்பாரா தெரியாது, நான் ஆதரிக்கவில்லை. கழிவு நாள் இருந்தால் முதல் மூன்று நாள் நன்றாகச் செய்தவர் நான்காம் நாள் பத்து ஃபீடரைக் கொட்டிச் சூதாடுவார். ஐந்து நாள் விழா நான்கு நாளாகச் சுருங்கும். மீனே படாதவருக்கும் நேராக 10 கொடுக்க வேண்டாம். எட்டுப் பேர் பிடித்து இருவர் வெறுங்கை என்றால் 9, 10 இரண்டையும் கூட்டிப் பகிர்ந்து ஆளுக்கு 9.5. எடை சமமானவர்களுக்கும் அதே வழி: இரண்டாம் இடத்தில் இருவர் என்றால் 2.5.

நாணல்

புள்ளிதான் என்றால் தராசைச் சரிபாருங்கள். எடைக்கணக்கில் 50 கிராம் பிழை கரைந்துபோகும். புள்ளிக்கணக்கில் அது ஒரு முழு இடம். 10 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு, முக்காலியில் தொங்கவிட்டது. கையில் பிடித்தால் காற்றில் ஆடும். எடைப்பையை நனைத்தபின் பூச்சியம் வைக்க வேண்டும், உலர்ந்த பையில் வைத்தால் தண்ணீரின் எடையும் சேர்ந்து வரும். தராசு வரும்வரை கீப்நெட் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் வலை) தண்ணீரிலேயே இருக்கட்டும். சீட்டில் எடையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அதற்குப் பின் முறையீடு எடுபடாது.

ஏர்ன்கரை

காற்றைப் பற்றி மேகலா சொன்னதற்கு என்னிடம் பதிலில்லை. புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சமமான புள்ளியை உடைக்க மட்டும் எடை என்றால் பிரீம் பிடிக்கிற கலை செத்துப்போகும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வொரு நாளும் அறுபது பேரிலும் அதிக எடைக்குத் தனிப்பரிசு வைக்க வேணும், அதுவும் பிரிவுப் பரிசைவிடப் பெரிதாக. பத்து ஃபீடர் கொட்டுகிறவனுக்கு அந்த ஒரு வாசலாவது திறந்திருக்கட்டும்.

தக்கைக்காரன்

தினப்பரிசுக்குச் சம்மதம். பிரிவுப் பரிசைவிடப் பெரிதாக வைப்பதற்குச் சம்மதமில்லை. வைத்தால் கடைசி இரண்டு நாளும் கோப்பைக்கு வாய்ப்பில்லாத நாற்பது பேர் பிரீமுக்கு மட்டும் தீனியைக் கொட்டுவார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைக்குப் போராடுகிறவரின் ரோச் போய்விடும். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும்.

ஏர்ன்கரை

ஒரே அளவென்றால் அந்த ஒரு மணி நேரம் வெறுங்கையோடு இருக்க யாரும் துணிய மாட்டார்கள். குறைந்தது இரண்டு மடங்கு.