பழைய டெல் டவருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு செட் ஆகும்?
நண்பர்களே ஒரு சின்ன உதவி. எங்கிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 மினி டவர் இருக்கு, ஐ5 3470, 8 ஜிபி டிடிஆர்3 ரேம். செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, இன்னும் கல்லு மாதிரி ஓடுது. தம்பி வீடியோ எடிட்டிங் கத்துக்கிறான், அப்பப்ப கேமும் ஆடுவான், அதான் ஒரு கார்டு போடலாம்னு.

பிரச்சனை என்னன்னா எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பண்ற பெட்டி) வெறும் 275 வாட்டு, கார்டுக்குன்னு தனியா 6 பின் ஒயரும் கிடையாது, இந்த போர்டுல சாதா 24 பின் சாக்கெட்தான், வேற எஸ்எம்பிஎஸ் மாத்தலாம், ஆனா இப்போதைக்கு அத மாத்துற ஐடியா இல்ல. அதனால போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட்ல வர்ற 75 வாட்டுக்குள்ளயே ஓடுற கார்டுதான் வேணும்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி இல்லன்னா 6 பின் கேக்காத 1650 பாத்து வச்சிருக்கேன். கடைக்காரர் ஆர்எக்ஸ் 6400 எடுங்கன்றார், ஆனா அதுக்கு 4 லேன்தான் (டேட்டா போற பாதை), நம்ம போர்டுல ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0ங்கறதால ஸ்பீடு அடிவாங்கும், வீடியோவ சுருக்கி சேவ் பண்ற என்கோடரும் இல்லயாம், எடிட்டிங்குக்கு அது எதுக்கு?

இதே மாடல்ல 1650 போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? பயாஸ் அப்டேட் பண்ண வேண்டியிருந்துச்சா? மானிட்டர் வேற பழைய விஜிஏ, எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போட்டா போதும்ல?