இரட்டைப் பிள்ளைகள்: ஓரிடத்தில் தெய்வம், இன்னோரிடத்தில் தீட்டு. ஏன்?

செங்காந்தள் (கேள்வி):
இன்றைய நைஜீரியாவின் யோருபா மக்கள் இரட்டையரைக் கொண்டாடினார்கள். அதே நாட்டின் கலபார் பக்கம், இரட்டையரைப் பிறந்தவுடன் காட்டில் விட்டார்கள். இவ்வளவு எதிரெதிரான வழக்கம் எப்படி வந்தது? வறுமைதான் காரணம் என்கிறார்கள், அது போதுமா? இன்னொன்று: இரண்டு பேரில் யாரை மூத்தவராகக் கொண்டார்கள்?

ஏடகம்:
வறுமை பாதி விளக்கம்தான். மாற்றுப்பால் இல்லாத இடத்தில் ஒரு தாய் இரண்டு கைக்குழந்தைகளைத் தேற்றுவது கடினம் என்பது உண்மை. ஆனால் அதுவே காரணமென்றால் ஒன்றையாவது வைத்துக்கொண்டிருப்பார்களே! கலபாரில் இரண்டையுமே மண்பானையில் இட்டுக் காட்டில் விட்டார்கள், தாயையும் ஒதுக்கிவைத்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தகப்பன் கெட்ட ஆவி, எந்தப் பிள்ளைக்கு என்று கண்டுபிடிக்க வழியில்லை, ஆகவே இரண்டும் போக வேண்டும். இதுதான் அவர்கள் கணக்கு.

1878இல் உள்ளூர்த் தலைவர்களும் பிரிட்டிஷ் கான்சலும் (அரசுப் பிரதிநிதி) ஒப்பந்தம் போட்டு இதைத் தடை செய்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஊர்களைத் தாண்டி உள்நாட்டுக்கு அந்தத் தடை எளிதில் போய்ச் சேரவில்லை. 1876இல் வந்து 1915இல் இறக்கும்வரை அங்கேயே இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி மேரி ஸ்லெசர் இப்படி விடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். ஒரு எச்சரிக்கை: இந்த விவரங்களில் பெரும்பகுதி மிஷனரிகள் எழுதியது. என்ன நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி. ஏன் நடந்தது என்பதற்கு அவ்வளவு நல்ல சாட்சி அல்ல.

மரப்பாச்சி:
யோருபாக்களும் தொடக்கத்திலிருந்தே கொண்டாடியவர்கள் அல்ல. முன்பு தாங்களும் இரட்டையரைக் கொன்றதாக அவர்களுடைய வாய்மொழி மரபே சொல்கிறது. அங்கே 1960, 70களில் எடுத்த கணக்கில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 45 இரட்டைப் பிரசவங்கள். உலகச் சராசரி 12 அளவில்தான். ஆனால் நிறையப் பிறந்ததால் பழகிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. கொன்ற காலத்திலும் பிறந்துகொண்டுதானே இருந்திருக்கும்?

இரட்டையர் குறைந்த எடையில் பிறப்பதால் ஒன்று தவறிப்போவது அக்காலத்தில் சகஜம். அப்போது குறிசொல்லும் பபலாவோவைக் கேட்டு மரப்பாவை செய்வார்கள். பெயர் எரே இபெஜி, பெரும்பாலும் ஒரு சாண் உயரம் அல்லது சற்று கூடுதல். இறந்தது குழந்தை என்றாலும் பாவைக்கு வளர்ந்த ஆளின் உடல்வாகு. தாய் அதைக் குளிப்பாட்டி, உணவு படைத்து, காம்வுட் மரத்தின் சிவப்புப் பொடியைப் பூசி, தலைக்கு அவுரி நீலம் தீட்டுவாள். அருங்காட்சியகங்களில் முகம் மழுங்கிய பாவைகளைப் பார்த்து மோசமான செதுக்கல் என்று நினைக்காதீர்கள். பல வருடங்கள் கழுவித் தேய்த்ததால் வந்த மழுக்கம் அது. பிற்காலத்தில் பிளாஸ்டிக் பொம்மையும் புகைப்படமும்கூட அந்த இடத்துக்கு வந்தன.

நடுகல்:
மூத்தவர் கேள்விக்கு: யோருபாவில் இரண்டாவதாக வருபவரே மூத்தவர், பெயர் கெஹின்டே. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர கெஹின்டே தம்பியை அனுப்புகிறார். முதலில் வெளியே வரும் தாய்வோ வெறும் தூதர். ஜப்பானிலும் பின்னால் பிறந்தவரை மூத்தவராகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. 1874இல் மெய்ஜி அரசு ஆணையிட்டு, முதலில் பிறந்தவரே மூத்தவர் என்று முடித்தது. வாரிசுரிமை மூத்தவருக்குப் போகும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

தெற்கு சூடானின் நூவர் மக்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. இரட்டையர் இருவரும் ஒரே ஆள், அதோடு பறவைகள். ஆகவே இறந்த இரட்டைக் குழந்தையைப் புதைக்காமல் மரக்கவட்டில் வைத்தார்கள்.

செங்காந்தள்:
அப்படியானால் பானையில் குழந்தை எலும்பு கிடைத்தால், கொன்றார்கள் என்று கொள்ளலாமா?

ஏடகம்:
கூடாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி பற்றி அரியாகா என்ற பாதிரியார் 1621இல் எழுதியதைப் பாருங்கள். அங்கே இரட்டையரில் ஒருவர் மின்னலின் பிள்ளை. சிறுவயதில் இறந்தால் பானையில் இட்டு வீட்டுக்குள்ளேயே புனிதப் பொருளாகக் காத்தார்கள். இரட்டையர் பிறந்ததும் பெற்றோர் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடிப்பில் ஓர் அவரை விதையை வைத்து, வியர்வையில் அது முளைக்கும்வரை நோன்பிருப்பார்கள். பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்து அதே நோன்பு.

ஒரு குழியில் இரண்டு சிசுக்கள் கிடைத்தாலும் இரட்டையர் என்று சொல்லிவிட முடியாது. மரபணுவும் பல்லும் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரில் 2005இல் கிடைத்த சுமார் 31,000 ஆண்டுப் பழைய குழியை அப்படித்தான் சோதித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்று 2020இல் உறுதியானது. ஒரு குழந்தை பிறந்த சமயத்திலேயே இறந்திருக்கிறது, மற்றது ஆறேழு வாரம் வாழ்ந்திருக்கிறது. மேலே மாமத் யானையின் தோள்பட்டை எலும்பு மூடி, உள்ளே காவி மண், ஒரு குழந்தையின் மேல் 53 தந்த மணிகள். இரண்டாவது குழந்தை இறந்தபோது, மூடிய குழியைத் திரும்பத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.