சேலத்துக்கு எத்தனை மணி நேரம்? அவசரம்

செவ்வாய்ப்பேட்டை பையன்: வணக்கம். இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அப்பாவுக்கு வியாழக்கிழமை சேலத்தில் இருதய ஆபரேஷன் என்று இன்று காலைதான் சொன்னார்கள். நாளை கிளம்பினால் புதன் இரவுக்குள் போய்ச் சேர முடியுமா? விமானத்தில் மொத்தம் எவ்வளவு நேரம்?

குகைக்காரன், சிங்கப்பூர்: நாலரை மணி நேரம்தான் தம்பி. கோயம்புத்தூரில் இறங்கு, அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். இதற்கா பதறுகிறாய்? நான் வந்த புதிதில் பாட்டி தவறியபோது லீவே தரவில்லை. டார்மிட்டரி மாடியில் நின்று வீடியோ காலில்தான் முகம் பார்த்தேன்.

அம்மாப்பேட்டை அக்கா, லண்டன்: அவன் எந்த நாடு என்றே சொல்லவில்லையே! தம்பி, எங்கே இருக்கிறாய்?

செவ்வாய்ப்பேட்டை பையன்: ஜெர்மனி அக்கா.

ஓமலூர் ராஜா: அப்படியானால் சென்னைதான். ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து நேர் விமானம் உண்டு. 2023 அக்டோபரில் காமலாபுரம் ஏர்போர்ட் மறுபடி ஓடத் தொடங்கியதே, சென்னையிலிருந்து சேலத்துக்கே பறந்துவிடலாம்.

ஏற்காடு அடிவாரம்: அவசரத்தில் இருப்பவனிடம் இப்படியா சொல்வது? தனித்தனி டிக்கெட் போட்டு, பெரிய விமானம் தாமதமானால் குட்டி விமானம் காத்திருக்காது, பணமும் போச்சு. பெங்களூர்தான் சரி.

ஓமலூர் ராஜா: தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் தெரியும் உங்கள் பெங்களூர்.

ஸ்டுட்கார்ட் வாசி: ஜெர்மனியா, பாவம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மாடிப்படியை வாரம் மாற்றி நாம்தான் பெருக்க வேண்டும். என் வீட்டு ஓனர் ஒருநாள் விட்டதற்குக் கடிதமே போட்டார். முதல் குளிர்காலம் முழுக்க ரொட்டியும் தயிரும்தான். தட்டுவடை செட் கனவில் வரும்.

குகைக்காரன், சிங்கப்பூர்: இங்கே தட்டுவடை கிடைக்கிறது, ஆனால் அந்தக் காரச் சட்னி இல்லை.

அம்மாப்பேட்டை அக்கா, லண்டன்: சட்னியை அப்புறம் பேசுங்கள். தம்பி, ஜெர்மனியில் எந்த ஊர்? விசா தேதி என்ன?

செவ்வாய்ப்பேட்டை பையன்: ஸ்டுட்கார்ட் அக்கா. விசா இந்த மாதம் முடிகிறது, நீட்டிக்க விண்ணப்பித்திருக்கிறேன். ஒரு தாள் கொடுத்தார்கள்.

அம்மாப்பேட்டை அக்கா, லண்டன்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன! அந்தத் தாள் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் (விண்ணப்பம் முடிவாகும்வரை அங்கே தங்கலாம் என்ற தற்காலிகச் சான்று) என்றால், உள்ளே எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது என்று பார். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் கிளம்பும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்காமல் நகராதே.

நேரக் கணக்கு இது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்டுக்கே நேராக ரயில் போகிறது, ஒன்றேகால் மணி நேரம். அதில் தாமதம் சகஜம், ஒரு வண்டி முன்னதாகவே பிடி. அங்கிருந்து பெங்களூர் சுமார் 7,400 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம். இப்போது கோடை நேரம், இந்தியா மூன்றரை மணி முன்னால். அதனால் நாளை மதியம் ஒன்றுக்கு ஏறினால் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு இறங்குவாய். பெங்களூர் ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து சேலம் 230 கிலோமீட்டருக்கு மேல். அந்நேரத்தில் ஊருக்குள் நெரிசல் இருக்காது, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக நாலரை, ஐந்து மணி நேரம். புதன் காலை எட்டு மணிக்குள் அப்பாவைப் பார்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை பையன்: 4-இல்தான் டிக் இருக்கிறது அக்கா! டிக்கெட் போடுகிறேன்.

அம்மாப்பேட்டை அக்கா, லண்டன்: நல்லது. பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் அந்தத் தாளும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டியை செக்-இன் போடாதே. காரை இப்போதே சேலத்திலிருந்து வரச் சொல்லிவிடு.

ஓமலூர் ராஜா: என்னைக் கேட்டால் இப்பவும் சென்னைதான்.