முன்பே அறுவை நடந்த மூக்கில் பிட்யூட்டரி கட்டி: முப்பரிமாண அச்சு மாதிரியால் பயன் உண்டா?

கேள்வி (காது-மூக்கு-தொண்டை முதுநிலை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் துறையில் அடுத்த மாதம் ஒருவருக்கு மூக்கு வழியே எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) மூலம், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை அகற்ற இருக்கிறோம். அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை இதே வழியில் அறுவை நடந்திருப்பதால், மூக்கின் பின்கோடியில் பிட்யூட்டரிக்கு முன்னால் இருக்கும் காற்றறையான ஸ்பீனாய்டு சைனஸுக்குள் நாங்கள் வழக்கமாக நம்பும் அடையாளங்கள் பல கலைந்துவிட்டன. அவருடைய சி.டி. ஸ்கேனைக் கொண்டு முப்பரிமாண அச்சில் ஒரு மாதிரி செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். பேராசிரியர் மறுக்கவில்லை; ஆனால், "மூன்று தளங்களிலும் திரையில் பார்க்கிறோமே, கையில் வைத்துப் பார்ப்பதால் கூடுதலாக என்ன தெரிந்துவிடும்?" என்றார். எனக்குச் சரியான பதில் வரவில்லை. அருகிலுள்ள பொறியியல் கல்லூரியில் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் சாதாரண அச்சுப்பொறி இருக்கிறது. அது போதுமா? மாதிரியில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

மறுமொழி (காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர்)

உங்கள் பேராசிரியரின் கேள்வி நியாயமானது. முதல்முறை அறுவைக்கு வரும், உடற்கூறு இயல்பாக இருக்கும் நோயாளிக்கு நான் மாதிரி செய்வதில்லை. உங்கள் நோயாளியின் நிலை வேறு.

ஸ்பீனாய்டு சைனஸைப் பிரிக்கும் எலும்புத் தடுப்பு பலருக்கு நடுவில் இருப்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியை மூடியிருக்கும் எலும்பின் மீதே போய் முடிவதும் உண்டு. அத்தகைய தடுப்பைப் பிடித்துத் திருகினால் தமனியின் சுவரே கிழியக்கூடும். திரையில் இதைக் காண முடியும்தான். ஆனால் ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படமாக நகர்த்தி, மனத்துக்குள் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. மாதிரியில் மூக்குத் துவாரம் முதல் ஸ்பீனாய்டின் பின்சுவர் வரை திறந்து வைத்து, நேர்நோக்கு எண்டோஸ்கோப்பை நுழைத்துப் பார்த்தால், அறுவை அரங்கில் காணப்போகும் அதே கோணத்தில் தடுப்பு எங்கே முடிகிறது, பார்வை நரம்பு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பவை தெரியும். பேராசிரியருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

எலும்பை மட்டும் அச்சிட்டால் பாதிப் பயன்தான். இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமிலிருந்து கரோட்டிட்டையும், எம்.ஆர்.ஐ.யிலிருந்து கட்டியையும் எடுத்து, தனித்தனி நிறங்களில் அச்சிட்டுப் பொருத்துங்கள். அறுவையின் முடிவில் திறப்பை மூட மூக்கு நடுச்சுவரிலிருந்து எடுக்க வேண்டிய சளிச்சவ்வு மடல் முந்தைய அறுவையிலேயே பயன்பட்டுவிட்டதா, அதன் இரத்த ஓட்டம் நிலைத்திருக்கிறதா என்பதை எந்த மாதிரியும் சொல்லாது. அதற்குப் பழைய அறுவைக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்; எண்டோஸ்கோப் வைத்தும் நேரில் பாருங்கள்.

மறுமொழி (மருத்துவப் படிமங்களிலிருந்து மாதிரி உருவாக்கும் பொறியாளர்)

மேலே டாக்டர் சொன்னதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். தவறு பெரும்பாலும் அச்சுப்பொறியில் நேர்வதில்லை. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில்தான் நேர்கிறது. எலும்புக்கு வழக்கமாக 226 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகை (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) கீழ்வரம்பாக வைக்கிறார்கள். கண்குழிக்கும் அதன் உட்பக்கத்திலுள்ள எத்மாய்டு சைனஸுக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம் போல் மெல்லியது. மூக்கையும் மூளையையும் பிரிக்கும் சல்லடைத் தட்டின் பக்கச் சுவர் சில இடங்களில் 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்கேனின் ஒரு படப்புள்ளி அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், எலும்பின் அடர்த்தி அருகிலுள்ள காற்றோடு கலந்து சராசரியாகி, வரம்புக்குக் கீழே விழுந்துவிடுகிறது. அச்சிட்ட மாதிரியில் அங்கே ஓட்டை தெரியும். நோயாளியிடமோ எலும்பு முழுதாக இருக்கும். வரம்பைக் குறைத்தால் ஓட்டை அடைபடும், ஆனால் சளிச்சவ்வும் எலும்பாக மாறிக் குழிகள் சுருங்கும்.

ஆகவே 3 மில்லிமீட்டர் வெட்டுகளை வாங்காதீர்கள், 0.6 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய வெட்டுகளைக் கதிரியக்கத் துறையில் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் '3டி ஸ்லைசர்' மென்பொருளே போதும். உங்கள் நோயாளிக்குப் பிட்யூட்டரிக் குழியின் அடித்தளம் முன்பே அகற்றப்பட்டிருக்கும் என்பதால் உண்மையான ஓட்டையும் இருக்கும், பொய்யான ஓட்டையும் இருக்கும். கதிரியக்க மருத்துவருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியுங்கள். கணினியை நம்பி எல்லாவற்றையும் மொத்தமாக அடைத்துவிடாதீர்கள்.

இழை அச்சுப்பொறி போதும். ஆனால் அச்சிடும்போது சரியாமல் தாங்குவதற்காக சைனஸ் குழிகளுக்குள் உருவாகும் தூண்களைப் பிறகு எடுக்கவே முடியாது என்பதால், மாதிரியை நடுவில் பிளந்து இரண்டு பாதியாக அச்சிட்டு ஒட்டுங்கள். இத்தகைய அச்சுப்பொறியில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் உருக்குலையும். அரங்குக்குள் கொண்டுபோவதானால் தூய்மையாக்கிய ஒளிபுகும் உறைக்குள் வையுங்கள். கோப்பைக் கல்லூரிக்கு அனுப்பும் முன் நோயாளியின் பெயரையும் எண்ணையும் நீக்குவது கட்டாயம்.

மறுமொழி (முகத்தாடை அறுவை மருத்துவர்)

2021-இல் கோவிட்டுக்குப் பின் வந்த கருப்புப் பூஞ்சை நோயில் மேல்தாடையை இழந்தவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவர்களுக்கு மாதிரி என்பது பார்ப்பதற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நலமாக உள்ள பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி, இழந்த பக்கத்தின் வடிவத்தைப் பெற்று, டைட்டேனியத்தில் அச்சிட்டு, எஞ்சிய கன்ன எலும்பில் திருகாணியால் பொருத்த முடிகிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்தகைய முக உள்வைப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் தேவை அதுவல்ல என்றாலும், அளவைச் சரிபார்க்கும் பழக்கத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: அச்சிட்ட பின் இரண்டு மூன்று தூரங்களை வெர்னியர் அளவியால் அளந்து, ஸ்கேனில் உள்ள அளவோடு ஒப்பிடாமல் யாரும் அதைக் கையிலெடுக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்களிடம் இருந்தது 3 மில்லிமீட்டர் வெட்டுகள்தான் என்பதை இன்று காலை பார்த்தேன். ஸ்கேன் இயந்திரத்தில் மூலத் தரவு இன்னும் இருப்பதாகச் சொன்னதால், நோயாளியை மறுபடி ஸ்கேனுக்கு உட்படுத்தாமல் மெல்லிய வெட்டுகளாகவே திரும்ப எடுத்துத் தரக் கேட்டிருக்கிறேன். பழைய அறுவைக் குறிப்புக்கும் முந்தைய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.