கோரையோடு மல்லுக்கட்டிய கதை

கிருலப்பனையிலிருந்து:
2019இல் முன்வளவில் மலேசியன் புல் பதித்தோம். அடியில் பரப்ப ஒரு லோட் மண் இறக்கினோம். அந்த மண்ணோடு கோரையும் வந்து இறங்கிவிட்டது. மூன்றாம் கிழமை புல்லுக்கு மேலே ஈர்க்குப் போல ஏழெட்டுத் தளிர் நின்றது. தண்டை விரலிடையில் உருட்டினால் உருளவில்லை, மூன்று மூலை தட்டுப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினேன். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்த மாமி வாசலில் நின்று, "தம்பி, கொத்தாதேங்கோ, பெருகும்" என்றார். நான் கேட்கவில்லை. அந்த மாத முடிவில் ஏழெட்டு, எழுபது எண்பது ஆனது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் நூல் போன்ற வேர்த்தண்டில் மணி கோத்தாற்போல் இருக்கும். கோவை அறாதவரை முன்னால் உள்ளது முளைக்கும், மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டி பட்டு அறுந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பும். மாமி சொன்னது இதைத்தான்.

கறுப்புப் பொலித்தீன் விரித்தேன். கோரை அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது! மருந்துக் கடையில் கேட்டால் கையை விரித்தார்கள். கிளைபோசேட் என்ற களைகொல்லிக்கு இலங்கையில் 2015இல் தடை வந்து, 2018இல் தேயிலை, றப்பருக்கு மட்டும்தான் தளர்த்தியிருந்தார்கள். கிடைத்திருந்தாலும் என் புல்லையும் சேர்த்துக் கொன்றிருக்கும்.

கடைசியில் மழை குறைந்த பெப்ரவரியில், மோசமான இடத்தில் புல்லை உரித்து, அரையடி ஆழத்துக்கு மண்ணை அள்ளிச் சல்லடையில் அரித்தேன். அகப்பட்ட கிழங்கெல்லாம் சீமெந்துத் தரையில் வெயிலில் காய்ந்தது. நன்றாகக் காய்ந்தால் முளைக்காது. அப்புறம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, இலை சமைத்துக் கிழங்குக்கு அனுப்புமுன் புதுத் தளிரைக் கிள்ளுவதுதான் வேலை. ஒரு வருஷம் பிடித்தது. பைப்படியில் மட்டும் இன்னும் விடவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:
என் கதை இதைவிடக் கேவலம். இன்டர்லாக் கல் இடுக்கில் வந்த புல்லுக்கு யாரோ உப்புப் போடச் சொன்னார்கள். இரண்டு கிலோ கரைத்து ஊற்றினேன். அன்றிரவே கொட்டிய மழை எல்லாவற்றையும் கறிவேப்பிலை அடிக்குக் கொண்டுபோனது. அம்மா வைத்த மரம், மூன்று மாதத்தில் பட்டுப்போனது. இப்போது கேத்தலில் மிஞ்சும் கொதிநீர் மட்டும்தான். இளம் புல் வதங்கிவிடும், பழைய வேருக்குத் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும்.

இரத்மலானையிலிருந்து:
எங்களுக்குத் தொட்டாச்சுருங்கி. வெறுங்காலோடு நடக்க முடியாது. தரையோடு படர்வதால் புல் வெட்டும் மெஷின் மேலால் போய்விடும். மழை விட்ட மறுநாள் தடித்த கையுறை போட்டு வேரோடு இழுத்தால் சுகமாக வரும். காய் முற்றுமுன் இழுக்க வேண்டும், விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். எனக்குப் பெரிய தொல்லை பிள்ளைகள்தான்: "ஒன்றையாவது விடுங்கோ அம்மா, தொட்டு விளையாட" என்று நிற்கிறார்கள்.

கிருலப்பனை அண்ணா, பைப்படிக்கு நிழல் கொடுத்துப் பாருங்கோ. கோரைக்கு வெயில் வேண்டும்.

கிருலப்பனையிலிருந்து:
நன்றி தங்கச்சி, வாழை வைக்கிறேன். காய்ந்த கிழங்கை மாமி எறிய விடவில்லை, குளிக்கிற பொடிக்கு இடிக்கிறார். வாசமாகத்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கோ, ஒரு உரப்பை நிறையக் கிடக்கு.