கணக்கில் பணம் இருந்தது, கையில் இல்லை

தரைவழிப் பயணத்தில் உடம்பு படுத்தி, காசும் தீர்ந்த கதை இருந்தால் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஈரானில், யஸ்த் நகரத்தில் நடந்தது. 2019 அக்டோபர்.

ஜார்ஜியா, ஆர்மேனியா என்று பஸ்ஸிலும் ஷேர் வேனிலுமாக இறங்கி வந்து, அராஸ் ஆற்றைத் தாண்டி நோர்தூஸ் எல்லை வழியாக ஈரானுக்குள் போனேன். தப்ரீஸ், காஷான், இஸ்ஃபஹான் எல்லாம் சுகமாகவே போயின. இஸ்ஃபஹானிலிருந்து யஸ்துக்கு பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வயிறு பிசைய ஆரம்பித்தது. வெளியே இரண்டு பக்கமும் பாலைவனம். பஸ் நின்ற ஒரே இடத்தில் இறங்கி ஓடினேன். யஸ்த் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சலும் வந்துவிட்டது.

ஈரானுக்குப் போகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரத் தடையால் அங்கே நம் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் வேலை செய்யாது. தெருவுக்குத் தெரு ஏடிஎம் உண்டு, ஆனால் அது உள்ளூர் வங்கிக் கார்டுக்கு மட்டும். ஊரிலிருந்து வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பச் சொல்லலாம் என்றால் அதுவும் கிடையாது. எல்லை தாண்டும்போது கையில் என்ன ரொக்கம் இருக்கிறதோ, அதுதான் நம் மொத்தச் சொத்து. எனக்கு இது முன்பே தெரியும். ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் 400 டாலர் மாற்றி எடுத்துக்கொண்டுதான் போனேன். அதோடு, வீட்டில் பல வருடமாகக் கிடந்த ஒரு 100 டாலர் நோட்டும் அவசரத்துக்கென்று பெல்ட்டுக்குள் இருந்தது. சாப்பாடு, பஸ், அறை வாடகை எல்லாவற்றுக்கும் நாள்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நோய்க்கென்று எதுவும் ஒதுக்கவில்லை.

யஸ்த் வந்த அன்று கையில் இருந்தது இரண்டு நாள் செலவுக்கான ரியாலும் அந்த நோட்டும்தான். பணம் மாற்றும் கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது 1996க்கு முந்தைய அச்சு, தலைப்படம் சின்னதாக இருக்கும். வேண்டாம் என்று தலையை ஆட்டி, கண்ணாடி மேஜை மேல் என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த கடையிலும் அதேதான்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு வந்த ஆபத்து இதில்தான் இருந்தது. விடுதி அறைக்குத் திரும்பி, கட்டிலில் ரியால் நோட்டுகளைப் பரப்பி எண்ணினேன். அப்போது வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1,10,000 ரியால். நோட்டில் அச்சடித்திருப்பது ரியால், ஆனால் ஊரே பேசுவது தோமானில். பத்து ரியால் ஒரு தோமான். காய்ச்சல் மண்டையோடு சைபர்களை எண்ணி எண்ணித் தப்பு விட்டேன். டாக்டரிடம் போனால் எவ்வளவு கேட்பார்களோ, அப்புறம் தெஹ்ரானுக்குத் திரும்ப பஸ்ஸுக்கு என்ன செய்வது என்றே யோசனை. பயணக் காப்பீடு இருந்தது. ஆனால் நாமே முதலில் கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளும் வகை அது. சரி, காலையில் சரியாகிவிடும் என்று படுத்தேன். ஒரு முழுப் பகல், ஒரு முழு இரவு அப்படியே போனது. தண்ணீர் குடித்தாலும் நிற்கவில்லை. மறுநாள் விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடுதி நடத்துபவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். கையில் பணம் இல்லை என்பதையும் சொன்னேன். அவ்வளவு வெட்கப்பட்டுச் சொன்ன விஷயத்தை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை, கார் சாவியை எடுத்தார்.

கூட்டிப்போனது ஒரு தர்மான்காஹ், அதாவது சின்ன மருத்துவமனை. கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், அவர்கள் பேச்சில் அது ‘செரோம்’. இரண்டு பாட்டில் இறங்கியதும் கண் தெளிந்தது. நான் பயந்த அளவுக்குத் தொகையும் வரவில்லை. அதையும் மருந்துக் காசையும் அவரே கட்டினார். மருந்துக்கடையில் ஓஆர்எஸ் என்று சொன்னாலே போதும், அங்கேயும் அதே பெயர்தான்.

மதியம் அவருடைய அம்மா ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் குழைய வெந்த சோறு, மேலே தயிர். ‘கதே மாஸ்த்’ என்றார். வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் வீடுகளில் கொடுக்கும் பத்தியம் அதுதானாம். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காய்ச்சல் விட்ட மறுநாள் அம்மா பிசைந்து கொடுப்பது இதேதான், கடுகு தாளிப்பு மட்டும்தான் இல்லை. ‘போகோர், பெசரம்’ என்றார். சாப்பிடு, மகனே. அப்புறம் கண்ணாடித் தம்ளரில் கறுப்புத் தேநீர், உள்ளே குச்சியில் கட்டிய குங்குமப்பூக் கற்கண்டு. அதற்கு ‘நபாத்’ என்று பெயர், வயிற்று வலிக்கு அவர்களுடைய முதல் கைவைத்தியம். குச்சியைச் சுற்றச் சுற்ற, மஞ்சள் நிறம் தேநீருக்குள் இழையிழையாக இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பணம் எப்படிக் கிடைத்தது என்றால், யஸ்த், பார்சிகளின் மதத்தவரான ஜொராஸ்திரியர்கள் காலங்காலமாக வாழும் ஊர். அங்கே உள்ள நெருப்புக் கோயிலைப் பார்க்க மும்பைப் பார்சிகள் வருவதுண்டு. பக்கத்து விடுதியில் அப்படி ஒரு குடும்பம் தங்கியிருப்பதாக விடுதிக்காரர் சொன்னார். போய் நின்றேன். என் பாஸ்போர்ட், மருத்துவமனைச் சீட்டு, வங்கி இருப்பு எல்லாவற்றையும் காட்டினேன். அந்தப் பெரியவர், “முதலில் உட்காருங்கள் தம்பி” என்று இந்தியில் சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பினேன். அவள் ஐஎம்பிஎஸ்ஸில் அவருடைய மகன் கணக்குக்குப் போட்டாள். மகன் மும்பையிலிருந்து ‘வந்துவிட்டது’ என்று பதில் போட்டதும், பெரியவர் 200 யூரோவை என் கையில் எண்ணி வைத்தார். மொத்தம் பத்து நிமிஷ வேலை. இதைக் கேட்கத் தயங்கித்தான் ஒன்றரை நாளை வீணாக்கியிருந்தேன்.

இப்போதெல்லாம் தனியாக ஒரு கவரில் ரொக்கம் வைக்கிறேன். புது அச்சு, மடிப்பில்லாத நோட்டுகள். கவர் மேல் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதியிருக்கும். சாப்பாட்டுக்குக்கூட அதில் கை வைப்பதில்லை.

*

யஸ்த் கதையைப் படித்தேன். எனக்கு நடந்தது பாமிர் நெடுஞ்சாலையில், 2018 ஜூலை. தஜிகிஸ்தானில் முர்காப் வரைக்கும் வந்தாயிற்று. உயரமே சுமார் 3,600 மீட்டர். இரவு தலைவலி மண்டையைப் பிளந்தது, எழுந்தால் வாந்தி. வீட்டுத் தங்கலில் இருந்த இன்னொரு பயணி, இது உயர நோய், மாத்திரை போட்டுச் சமாளிக்காதே, கீழே இறங்கு என்றார். ஆனால் கிர்கிஸ்தானில் இருக்கும் ஓஷ் பக்கம் இறங்க வேண்டுமென்றால் முதலில் 4,655 மீட்டர் அக்பைத்தால் கணவாயில் ஏற வேண்டும். எதிர்த்திசையில் ஹோரோக் சுமார் 2,100 மீட்டர்தான், ஏடிஎம்மும் உண்டு. போகிற வழியில் ஒரு கணவாய் வரும், ஆனாலும் அக்பைத்தாலைவிட உயரம் குறைவு. அதனால் வந்த வழியே திரும்புவது என்று முடிவு. என்னிடம் மிச்சம் இருந்த சொமோனி (தஜிகிஸ்தான் பணம்) ஜீப்பில் கால் சீட்டுக்குக்கூடக் காணாது. டிரைவரிடம் ஏடிஎம் கார்டை நீட்டி, சைகையில் ‘ஹோரோக், ஹோரோக்’ என்றேன். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டு, முன்சீட்டைக் காட்டினார். இறங்க இறங்க, யாரோ தலையிலிருந்து கயிற்றைத் தளர்த்துவது போல வலி விட்டது. ஹோரோக்கில் முதல் மெஷின் காலி. இரண்டாவதில் பணம் வரும்வரை அவர் வண்டியிலேயே காத்திருந்தார், ஒருமுறைகூட ஹார்ன் அடிக்கவில்லை.

யஸ்த் நண்பரே, விடுதிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா? வாங்கிக்கொண்டாரா?

*

கொடுக்கப் போனேன். ‘காபெல் நதாரே’ என்றார். பெரிய தொகை இல்லை, வேண்டாம் என்கிற மாதிரி மரியாதைக்குச் சொல்வது. அங்கே ‘தாரோஃப்’ என்று ஒரு வழக்கம், வேண்டாம் என்று சொன்னாலும் நாம் வற்புறுத்திக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது முறையும் அதையே சொன்னார், மூன்றாவது முறையும். நான்காவது முறை நோட்டுகளை வாங்கி, அறை வாடகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக் காசை என் பையின் பக்க ஜிப்புக்குள் திரும்பச் செருகினார். அவர் அம்மா அதே ஜிப்பைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய நான்கு நபாத் குச்சிகளையும் வைத்தார்.