கையை நீட்டினால் நாலுகால் ரோபோவின் முன்பக்கம் தாழ்கிறது (சிமுலேஷனில் சரியாக நடக்கிறது)

கேள்வி:
நாலுகால் ரோபோவின் முதுகில் 6 மூட்டுக் கை ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். ஐசக் ஜிம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் 4096 ரோபோக்களை வைத்துப் பயிற்றுவித்த பாலிசி (கால்களுக்குக் கட்டளை தரும் நியூரல் நெட்வொர்க்) 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. பயிற்சியில் கையும் அசைந்தது. கால் மூட்டுகளுக்கு கேபி (இலக்குக் கோணத்திலிருந்து விலகினால் மோட்டார் எவ்வளவு விறைப்பாக இழுக்கும் என்ற எண்) 20, கேடி (அசைவைத் தணிக்கும் எண்) 0.5. கை மடங்கியிருந்தால் ட்ராட் நடை (மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக நகரும் நடை) அருமை. முன்னால் நீட்டியதும் முன்பக்கம் தாழ்கிறது, முன் பாதங்கள் தரையில் உரசுகின்றன, சில நிமிடங்களில் முன் முழங்கால் மோட்டார்கள் சூடேறி நின்றுவிடுகின்றன. முன், பின் இடுப்புகளுக்கு இடையே 38 செ.மீ. எங்கிருந்து தேடுவது?

மறுமொழி 1:
மூட்டு வரிசைக் குழப்பம் இல்லை. ஐசக் ஜிம்மில் வழக்கமாக இடது முன்கால் முதலில் வரும், யூனிட்ரீ நிறுவன ரோபோக்களை இயக்கும் மென்பொருளான எஸ்டிகேயில் வலது முன்கால். அது மாறியிருந்தால் கை மடங்கியிருக்கும்போதே விழுந்திருக்கும்.

எடையைப் பாருங்கள். முன் பாதங்கள் இரண்டும் ஒரு தராசில், பின் பாதங்கள் இன்னொன்றில். தராசுகள் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கையை மடக்கி ஒரு முறை, நீட்டி ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள். யூஆர்டிஎஃப்பில் (சிமுலேஷனுக்கு ரோபோவின் அமைப்பையும் எடையையும் சொல்லும் கோப்பு) உள்ள மொத்த எடையையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மடக்கியபோது முன் 9.7, பின் 8.8 கிலோ. நீட்டியபோது முன் 12.5, பின் 6.0. மொத்தம் 18.5. யூஆர்டிஎஃப்பில் 17.1 தான்! கைக்கு 2.1 கிலோ என்று இருக்கிறது. கேமரா, கேபிள், பற்றுமுனை மோட்டார் எதையும் சேர்க்கவில்லை.

மறுமொழி 2:
அதுதான் காரணம். ரோபோவின் கை உண்மையில் 3.5 கிலோ (2.1 + விடுபட்ட 1.4). நீட்டும்போது அதன் நிறை மையம் நடுவிலிருந்து 35 செ.மீ. முன்னால் போகிறது என்று வைத்தால் முன்கால்களுக்கு 67% எடை. உங்கள் தராசும் அதையே காட்டுகிறது. சிமுலேஷனிலோ 61% தான்.

ட்ராட்டில் ஒரு நேரத்தில் மூலைவிட்டமாக இரண்டு கால்களே தரையில் இருக்கும், ஆகவே ஒரே முன்கால் அந்த 12.5 கிலோவையும் சுமக்கிறது. முழங்காலுக்கும் பாதத்துக்கும் கிடைத்தூரம் 13.5 செ.மீ. என்றால் சுமார் 16.5 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்புவிசை) வேண்டும். பாலிசி கற்றதோ சுமார் 14க்கு. மிச்சம் 2.6ஐ கேபி 20ஆல் வகுத்தால் 0.13 ரேடியன். முழங்கால் அவ்வளவு கூடுதலாக மடங்குகிறது, இடுப்பு ஏறத்தாழ 2 செ.மீ. தாழ்கிறது. பாதம் தூக்கும் உயரமே சில செ.மீ. தான், உரசாமல் என்ன செய்யும்? சூடும் இதிலிருந்துதான்: செம்புச்சுருளின் வெப்பம் டார்க்கின் வர்க்கத்தோடு ஏறுகிறது, இங்கே 40% அதிகம்.

செய்ய வேண்டியது: கையைக் கழற்றி, கேமராவும் கேபிளும் சேர்த்து எடைபோட்டு, ஒவ்வொரு இணைப்பின் எடை, நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன் மூன்றையும் யூஆர்டிஎஃப்பில் திருத்துங்கள். எடையை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். பிறகு கேபியை 40, கேடியை 1 ஆக்கி மறுபயிற்சி கொடுங்கள். ரோபோவில் மட்டும் கேபியை ஏற்றக்கூடாது, பழைய பாலிசி அதிரத் தொடங்கும்.

மறுமொழி 1:
கூடவே பற்றுமுனையில் 0 முதல் 0.5 கிலோ வரை சமவாய்ப்பாக எடை சேருங்கள், கேபியை 10% அங்குமிங்கும் மாற்றுங்கள், கட்டளை 20 மில்லி விநாடி தாமதமாகட்டும். கையின் 6 மூட்டுக் கோணங்களும் வேகங்களும் பாலிசியின் உள்ளீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் சாய்ந்த பிறகுதான் கால்களுக்குத் தெரியும். உடல் சாய்ந்தால் பயிற்சியில் மதிப்பெண்ணைக் குறைக்கும் தண்டனையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ரோபோ தானே பின்னால் சாய்ந்து சமன் செய்யக் கற்றுக்கொள்ளும்.

முதல் சோதனையில் ரோபோவைக் கயிற்றில் தொங்கவிட்டு, கையை 3 விநாடியில் மெதுவாக நீட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மறுபயிற்சி முடிந்தது. கையை நீட்டியபடி 15 நிமிடம் நடந்தது, உரசல் இல்லை, மோட்டார் நிற்கவில்லை. கையை 1 விநாடிக்குள் வீசினால் மட்டும் முன்பக்கம் இன்னும் ஒரு முறை குலுங்குகிறது.

மறுமொழி 2:
பயிற்சியில் கை எவ்வளவு வேகமாக நகர்ந்ததோ அதுவரைதான் பாலிசிக்குப் பழக்கம். கையின் இலக்கு மாறும் நேரத்தை 0.5 முதல் 3 விநாடிக்குள் வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள்.